அன்பின் கீதம்: வாத்தியமில்லாமல் பாடும் பாடகர் குழுவுக்குத் தமிழில் இசையமைப்பது எப்படி

ஒரு சபையின் பாடகர் குழுவில் நான்கு குரல்களும் ஓரளவு நிரம்பி, சால்ஃபா (டோ, ரே, மீ என்று சுரங்களை எழுதும் முறை) பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்து, ஆர்கனை மூடிவைத்துவிட்டுப் பாடிப் பார்க்கலாம் என்ற துணிவும் வந்துவிட்டால், எதைப் பாடுவது என்ற கேள்வி எழும். பெரும்பாலும் ஆங்கில ஆந்தம் (ஆராதனையில் பாடகர் குழு பாடும் கீதம்) ஒன்றை எடுத்துக்கொள்வோம், அல்லது அதன் மெட்டில் தமிழ்ச் சொற்களை அடைத்துப் பாடுவோம். இரண்டிலும் தவறில்லை. ஆனாலும் நம் வேதாகமத்தின் தமிழ் வசனம் ஒன்றையே எடுத்து, அதற்கென்றே நான்கு குரல்களில் ஒரு கீதம் இயற்றிப் பாடும்போது சபையில் உண்டாகும் அமைதி வேறு வகையானது. அதை இயற்ற விரும்புகிற, ஆனால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்கிற கொயர் மாஸ்டர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான்கு குரலில் ஒரு பாமாலைப் பாட்டுக்கு இசைவு (ஹார்மனி) எழுதத் தெரிந்திருந்தால் போதும்.

வாத்தியம் இல்லாத இசையில் சொல்தான் வாத்தியம். சுருதியைப் பிடித்துக்கொடுப்பதும், தாளத்தை நடத்துவதும், நிறத்தை மாற்றுவதும் சொல்லின் எழுத்துகளே. தமிழ் எழுத்துக்கோ இலக்கணமே அளவு வகுத்து வைத்திருக்கிறது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை. இந்த அளவிலிருந்து மெட்டு பிறந்தால் குழு எளிதாகப் பாடும், சபைக்கும் சொல் விளங்கும். மெட்டை முதலில் போட்டுவிட்டுச் சொல்லை அதற்குள் திணித்தால், எத்தனை அழகான இசைவாக இருந்தாலும் பாதி உழைப்பு வீணாகும்.

சொல் விளங்க வேண்டும் என்பது இந்த இசைமரபின் பழைய கவலை. 'அ கப்பெல்லா' என்ற இத்தாலியச் சொற்களுக்கே 'சிற்றாலயத்து முறைப்படி' என்றுதான் பொருள். 1545 முதல் 1563 வரை கூடிய திரெந்து சங்கம், குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிச் சொற்களை மறைத்துவிடுவதைப் பற்றி ஆராய்ந்தது. இங்கிலாந்தில் 1544-இல் பேராயர் கிரான்மர் தம் அரசருக்கு எழுதிய கடிதத்தில், கூடியவரை ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று அமைவதே நல்லது என்று குறிப்பிட்டார். 1565-இல் அச்சான, தாமஸ் டாலிஸ் இயற்றிய ஒரு சிறு கீதம் இதற்கு நல்ல பாடம். யோவான் 14-ஆம் அதிகாரத்தில், தம்மிடம் அன்பாயிருந்தால் தம் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள் என்று இயேசு சொல்லும் வசனத்துக்கு நான்கு குரலில் அமைந்தது அது. தொடக்கத்தில் நான்கு குரலும் சொற்களை ஒன்றாகவே சொல்கின்றன. சொல் மனத்தில் பதிந்த பிறகுதான் ஒன்றையொன்று பின்தொடரத் தொடங்குகின்றன. முதல் கீதம் எழுதுகிறவர்கள் இந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டாலே பாதி வழி வந்துவிட்டார்கள் என்பேன்.

வசனத்தைத் தேர்ந்தெடுத்தல்

அன்பையும் விசுவாசத்தையும் பற்றிய வசனங்களுக்கு வேதாகமத்தில் குறைவில்லை. குறுகிய வசனமாகப் பார்த்து எடுங்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் மூன்று நிமிட இசைக்குத் தாராளம். 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்ற 1 யோவான் 4:8-இன் பிற்பகுதி, முதல்முறை எழுதுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது. தேவன் என்பதில் ஏகாரம், அன்பாகவே என்பதில் ஆகாரமும் ஏகாரமும், இருக்கிறார் என்பதில் கடைசி ஆகாரம் என்று, குரல் நின்று இளைப்பாற வேண்டிய இடத்திலெல்லாம் நெடில் இருக்கிறது. பெரிய வியாழன் ஆராதனைக்கு 'நீங்கள் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்' என்ற யோவான் 13:34 பொருத்தம். அன்பு எங்கே உண்டோ அங்கே கடவுள் உண்டு என்ற பழைய லத்தீன் பல்லவியும் அந்த நாளின் கால்கழுவும் சடங்கோடு வழங்கிவந்ததுதான். திருமண ஆராதனைக்கு உன்னதப்பாட்டை நாடலாம். இத்தாலிய இசையமைப்பாளர் பலெஸ்திரினா 1584-இல் வெளியிட்ட ஐந்து குரல் மோட்டெட்டுகள் (லத்தீன் வசனங்களுக்கு அமைந்த பலகுரல் கீதங்கள்) 29-ம் அந்த ஒரே புத்தகத்தின் வசனங்களுக்கு அமைந்தவை. 'என் நேசர் என்னுடையவர், நான் அவருடையவள்' என்பதைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மெட்டு அதற்குள்ளேயே கிடக்கிறது.

சபை எந்த மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பழகியிருக்கிறதோ அதையே எடுக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். சி.எஸ்.ஐ. சபைகள் கேட்டுப் பழகிய பழைய திருப்புதலில் விசுவாசம், நம்பிக்கை என்று வரும் இரண்டு சொற்களும், கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு என்று வருகின்றன. ஒரே 'நம்பிக்கை' ஒரு சபையில் ஒரு பொருளும் இன்னொரு சபையில் வேறு பொருளும் தருவதால், கத்தோலிக்கக் குழுவுக்கும் சி.எஸ்.ஐ. குழுவுக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிட முடியாது. மெட்டும் மாறும், ஏனென்றால் அசைகள் மாறுகின்றன.

இனி நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு 1 கொரிந்தியர் 13:13, பழைய திருப்புதலின்படி: 'இப்பொழுது விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது, இவைகளில் அன்பே பெரியது.'

சொல்லை அளத்தல்

பேனாவை எடுக்கும் முன் வசனத்தைக் குறைந்தது இருபது முறை உரக்கப் படியுங்கள். ஜெபத்தில் சொல்வதுபோல, அவசரமில்லாமல், தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே படியுங்கள். பிறகு ஒவ்வோர் அசையின் கீழும் அது குறிலா, நெடிலா, மெய் வந்து அடைத்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். விசுவாசம் என்ற சொல்லில் வி, சு இரண்டும் குறில், வா நெடில், சம் என்பது மெய்யடைத்தது. எனவே இரண்டு அரைத்தட்டு, ஒன்றரை அல்லது இரண்டு தட்டு, பிறகு ஒரு தட்டு என்ற தாளம் தானாகக் கிடைக்கிறது. நம்பிக்கை அப்படியல்ல. நம், பிக் என்று இரண்டு அசைகள் மெய்யடைத்தவை; அதிலும் பிக் என்பதில் வல்லினம் இரட்டித்து, குரல் ஒரு கணம் முழுதாக நின்றுவிடுகிறது. அந்த நிறுத்தத்தைப் பாடகர் விழுங்கினால் சொல் குலைகிறது. ஆகையால் அந்த அசைக்கு ஒரு தட்டு எழுதினாலும், முக்கால் தட்டுப் பாடிக் கால் தட்டு அடைக்க வேண்டும் என்று தாளிலேயே குறித்துவிடுங்கள். கடைசியில் வரும் கை, ஐகாரக் குறுக்கம். அதை நீட்ட நேர்ந்தால் அகரத்தில் நின்று, விடும்போது மட்டும் இகரத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் இகரத்துக்குப் போய் ஒலி கலங்கும்.

குறிலை நீட்டுவதில் உள்ள ஆபத்து இசையமைப்பாளர் பலருக்கும் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் ஓர் அசையை எவ்வளவு நீட்டினாலும் சொல் பெரும்பாலும் அதே சொல்லாக நிற்கும். தமிழில் நிற்காது. 'சமாதானம் தரும்' என்பதில் த-வை இரண்டு தட்டு நீட்டினால் சபைக்குக் கேட்பது 'சமாதானம் தாரும்'. வாக்குத்தத்தம் வேண்டுதலாக மாறிவிடுகிறது. 'வரும்' என்பது 'வாரும்' ஆவதும் இப்படித்தான். நான் முதன்முதலில் எழுதிய கீதத்தில் இதே பிழையைச் செய்து, ஆராதனை முடிந்ததும் ஒரு முதிய பெண்மணி வந்து, 'ஐயா, நீங்கள் கேட்டது நல்ல ஜெபம்' என்று மனமார வாழ்த்தியபோதுதான் உணர்ந்தேன். நான் எழுதியிருந்தது ஜெபம் அல்ல, வாக்குறுதி. அன்று முதல் நீட்டிய குறில் ஒவ்வொன்றையும் நெடிலாக எழுதிப் பார்த்து, வேறு சொல் பிறக்கிறதா என்று சோதிக்காமல் தாளைக் குழுவிடம் கொடுத்ததில்லை.

அடுத்தது குற்றியலுகரம். நம் வசனத்தின் உயிரான சொல்லே 'அன்பு'. அதன் கடைசி உகரம் அரை மாத்திரை. உதடு குவியாமல் உதிர்ந்துபோகும் ஒலி. அதன்மேல் நான்கு தட்டு நீளச் சுரத்தை வைத்தால் குழு 'அன்பூ' என்று பாடும், வேறு வழியில்லை. எனவே அந்தச் சொல்லில் நீளம் வேண்டுமானால் அதை முதல் அசையில் வையுங்கள். அதிலும் அகரத்தைக் குறுக்கமாகத் தொட்டு, ன் என்ற மெல்லினத்தில் குரலை நிறுத்துங்கள். மெல்லின மெய்கள் பாடக்கூடியவை. வாயடைத்து ஒலிக்கும் அந்த ன், நான்கு குரலில் கேட்கும்போது தம்பூராவின் கார்வைபோல் ஆலயத்தை நிரப்பும். பிறகு 'பு' ஒரு மூச்சுத் துளியாக விழட்டும்.

வசனமே இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியும் வைத்திருக்கிறது. முதல் பாதியில் 'அன்பு', இரண்டாம் பாதியில் 'அன்பே'. ஒரே ஓர் ஏகாரம் சேர்ந்ததும் மூடியிருந்த சொல் திறந்துகொள்கிறது. எத்தனை தட்டு வேண்டுமானாலும் அதில் நிற்கலாம். பவுலின் பொருளும் அந்த ஏகாரத்திலேயே இருக்கிறது. ஆகவே கீதம் முழுவதின் வடிவத்தையும் இந்த ஓரெழுத்து வேறுபாட்டின்மேல் கட்டலாம் என்பது என் தீர்மானம்: முதல் பாதியில் அன்பு அடக்கமாக, குறுகி நிற்க வேண்டும், அன்பே என்று வரும் இடத்துக்காகக் குரலின் உயரத்தையும் நீளத்தையும் சேமித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று, எடுப்பு. பாமாலையில் நாம் பாடும் மேனாட்டு மெட்டுகள் பல, தட்டுக்கு முந்திய எளிய அசையில் தொடங்குகின்றன. தமிழ்ச் சொல்லின் முதல் அசையே அதன் தலை என்பதால், அந்த மெட்டுகளில் தமிழ் பாடும்போது சொல்லின் தலை எடையில்லாத இடத்திலும் வால் எடையுள்ள இடத்திலும் விழுந்துவிடும். 1706-இல் லூத்தரன் மிஷனரிகள் தரங்கம்பாடிக்கு வந்த காலந்தொட்டு, மேனாட்டு மெட்டில் தமிழ் பாடிப் பாடி அதற்கு நம் காது பழகிவிட்டது. புதிதாக எழுதும்போதாவது முதல் அசையைத் தட்டின்மேல் வையுங்கள்.

குரல்களை நுழைத்தல்

டி மேஜரில், அதாவது டி-யே டோவாக, வைத்துக்கொள்வோம். பயிற்சி பெறாத குழுவின் நான்கு குரல்களுக்கும், மேலிருந்து கீழாக, நான் பின்பற்றும் எல்லைகள் இவை: ட்ரெபிள் நடு சி-யிலிருந்து அதற்கு மேல் ஸ்தாயியின் ஜி வரை, ஆல்டோ நடு சி-க்குக் கீழுள்ள ஜி-யிலிருந்து மேல் சி வரை, டெனர் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து நடு சி-க்கு மேலுள்ள ஜி வரை, பேஸ் அதற்கும் கீழே எஃப்-இலிருந்து நடு சி வரை. எல்லை என்பது தொட்டுவிட்டு வரும் இடம். அங்கேயே குடியிருக்கும்படி எழுதினால், குறிப்பாக டெனரை, இரண்டாம் நிமிடத்திலேயே சுருதி விழும்.

'இப்பொழுது' என்பதை நான்கு குரலும் ஒன்றாக, மெதுவாக, ஒரே சுரத்தில் பேசுவதுபோலச் சொல்லட்டும். சங்கீதங்களைச் சாண்ட் முறையில் பாடிப் பழகிய குழுக்களுக்கு இது கைவந்த கலை. பிறகு டெனர் தனியாக 'விசுவாசம்': வி டோ, சு ரே, வா சோ, சம் மீ. ரேயிலிருந்து சோவுக்கு எழும் அந்தத் தாவல் நெடிலின்மேல் விழுகிறது. விசுவாசம் ஒரு தாவல்தான் என்பதால் அதை அப்படியே வைத்திருக்கிறேன். கடைசி ம் மூடியபடி நீண்டு ஒலிக்க, அதன்மேல் ஆல்டோ 'நம்பிக்கை' என்று நுழையும். இந்தச் சொல்லுக்குத் தாவல் வேண்டாம். ஒவ்வோர் அடியாக ஏறி, நின்று, மீண்டும் ஏறட்டும். அதற்கும் மேல் ட்ரெபிள் 'அன்பு': சோ, லா என்று மேலே பார்த்துவிட்டு, ன் என்ற மெய்யில் லாவில் நின்று, பு என்பதில் சோவுக்கு இறங்கும். மூன்று சொற்களும் மூன்று குரல்களில் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்தது தொடங்கும்போது மெல்லின மெய்யிலோ நீண்ட உயிரிலோ அடங்கியிருப்பதால், புதிதாக நுழையும் சொல் மட்டும் தெளிவாகக் கேட்கும். குரல்கள் பின்னும்போது சொல் மறையாதிருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பேஸ் இதுவரை 'இப்பொழுது' தவிர ஒன்றும் பாடவில்லை. 'இம்மூன்றும் நிலைத்திருக்கிறது' என்ற இடத்தில்தான் கீழ் டோவில் வந்து நிற்க வேண்டும். மூன்று என்று சொல்லிவிட்டு வினையை ஒருமையில் முடிக்கிறது பழைய திருப்புதல். இலக்கணக்காரர் அதை எப்படிக் கொள்வாரோ, இசையமைப்பவருக்கு அது ஒரு கொடை: மூன்று குரல்களும் இங்கே ஒரே தாளத்துக்குள் வந்து ஒருமிக்கலாம். ஏழு அசைகளும் இரண்டு வல்லின இரட்டிப்புகளும் உள்ள 'நிலைத்திருக்கிறது' என்பதை இழுக்காமல் பேச்சு வேகத்திலேயே விடுங்கள். நிலைத்திருத்தலைப் பேஸின் அசையாத டோ சொல்லிவிடும்.

'இவைகளில்' என்பதை மெல்ல, இரண்டு குரலில் மட்டும் சொல்லி, ஒரு முழு மூச்சு இடைவெளி விடுங்கள். அந்த மௌனத்தை எழுதிவைக்க அஞ்ச வேண்டாம். பிறகு நான்கு குரலும் 'அன்பே'. ட்ரெபிள் மேல் மீயில், அதாவது ஐந்தாம் ஸ்தாயியின் எஃப் ஷார்ப்பில். அந்த உயரத்தில் நம் ஏகாரம் இறுகி ஒலிக்கும் என்பதால், தாடையைச் சற்றுத் தளர்த்தி எகரத்தின் வாயமைப்போடு பாடச் சொல்லுங்கள். கீழிரு குரல்களுக்கு இடையே இடைவெளி அகலமாகவும், மேலே நெருக்கமாகவும் இருக்கட்டும். ஒரு சுரத்தின் மேலொலிகள் இயற்கையிலேயே அப்படித்தான், முதலில் ஒரு ஸ்தாயி, பிறகு பஞ்சமம், பிறகு சிறிய இடைவெளிகள் என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. பேஸும் டெனரும் கீழே நெருங்கி நின்றால் ஒலி கலங்கிய நீர்போல் ஆகிவிடும்.

முடிவில் 'பெரியது'. நான்கும் குறில், கடைசியில் குற்றியலுகரம். ஒரு கீதத்தை முடிக்க இதைவிடக் கடினமான சொல் அரிது. நான் பல வழிகளில் எழுதிப் பார்த்துக் கிழித்துப்போட்ட பின் கண்டுகொண்டது இது: ஆல்டோ டோவிலும் ட்ரெபிள் தாழ்ந்த மீயிலும் 'அன்பே' என்ற ஏகாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, டெனரும் பேஸும் 'பெரியது' என்று பேசுவதுபோல் சொல்லி, உகரம் உதிர்ந்ததும் நின்றுவிட வேண்டும். மேலிரு குரல்கள் இன்னும் இரண்டு தட்டு நிற்கும். சொல் முடிந்த பிறகும் அன்பு நிற்கிறது. வசனத்தின் எழுத்தை மாற்றாமல், ஒரு சொல்லையும் கூட்டாமல் இது கைகூடுகிறது.

ராகத்தில் அமைக்க விரும்பினால்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மரபில் வந்த கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்த சபைகளுக்கு, மேஜர் ஸ்கேலைவிட ராகச் சாயல் நெருக்கமாக இருக்கும். சங்கராபரணம், நடபைரவி, ஹரிகாம்போதி, கரகரப்பிரியா ஆகியவற்றில் இசைவு கட்டத் தடையில்லை. மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் மட்டும் நின்றால் ஸ-க-ப, த-ஸ-க என்ற இரண்டு முக்கூட்டுகளே (மூன்று சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளே) கிடைக்கும். ஆகவே அதை நாற்குரல் பாமாலைபோல் நடத்தாமல், பேஸும் டெனரும் ஸ-ப என்று தம்பூராவாக நிற்க, மேலிரு குரல்கள் உரையாடுவதாக எழுதுவது நலம். கமகம் வேண்டும் இடத்தில் ஒரே ஒரு குரல் அசையட்டும், மற்றவை அசையாமல் நிற்கட்டும். நான்கு குரலும் சேர்ந்து கமகம் பாட முயன்றால் இசைவும் போகும், கமகமும் போகும்.

சுருதி ஏன் இறங்குகிறது

வாத்தியமில்லாமல் பாடும் குழுக்களைப் பற்றி எல்லாரும் சொல்லும் குறை, முடிக்கும்போது சுருதி அரைச்சுரம் இறங்கியிருக்கிறது என்பதுதான். பாடகர்களின் சோர்வைக் காரணம் காட்டுவோம். பல வேளைகளில் காரணம் எழுதியவரிடம் இருக்கிறது. கீபோர்டின் மீ, டோவிலிருந்து 400 சென்ட் உயரத்தில் இருக்கிறது (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). நல்ல காதுள்ள குழு தானாகவே இயற்கையான மீயைத் தேடும். அது 386 சென்ட், 14 சென்ட் தாழ்வு. டோ, லா, ரே, சோ ஆகியவற்றின் மேல் எழும்பும் கார்டுகள் வழியே சுற்றி மீண்டும் டோவுக்கு வரும் நடையை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுரங்களைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு கார்டையும் இயற்கைச் சுருதியில் சுத்தமாகப் பாடினால், ஒரு சுற்றின் முடிவில் டோ ஏறத்தாழ 22 சென்ட் இறங்கியிருக்கும். இன்றைய சுருதிக் கணக்கில் பிரமாண சுருதி எனப்படும் 81/80 விகிதமே இது. ஐந்து சுற்றில் அரைச்சுரம் போய்விடும். குழு சரியாகப் பாடியதாலேயே சுருதி இறங்குகிறது!

ஆகவே இந்த நடையைத் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். எழுதினால், லா கார்டிலிருந்து ரே கார்டுக்குப் போகும்போது எந்தக் குரலும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு கடக்காதபடி குரல்களை நகர்த்துங்கள். இடையிடையே ஏதாவதொரு குரல் டோவைப் பிடித்துக்கொண்டு நிற்பது நங்கூரம்போல் உதவும். மேலே பேஸுக்கு எழுதிய நீண்ட டோவுக்கு இதுவும் ஒரு காரணம். ஒரே சுரத்தில் பல அசைகளைப் பாடும் இடங்களிலும், படிப்படியாக இறங்கும் வரிகளிலும் குரல் தாழும் இயல்பு உண்டு என்பதால், அவற்றின் முடிவில் ஒரு சிறிய ஏற்றம் வைத்துவிடுங்கள்.

தாளும் பயிற்சியும்

தமிழ்நாட்டின் பல குழுக்கள் ஸ்டாஃப் நொட்டேஷனைவிட, இங்கிலாந்தில் சாரா குளோவர் வகுத்ததைத் தழுவி ஜான் கர்வென் பரப்பிய டானிக் சால்ஃபாவையே விரைவாகப் படிக்கின்றன. அதிலேயே எழுதிக் கொடுங்கள். தட்டுக்களைப் பிரிக்க இரட்டைப் புள்ளி, அரைத்தட்டுக்கு ஒற்றைப் புள்ளி, நீட்டலுக்குக் கோடு என்ற அதன் குறிகளோடு, தமிழுக்கென்று இரண்டு குறிகளை நான் சேர்த்துக்கொள்கிறேன்: மெல்லின மெய்யில் நிற்க வேண்டிய இடத்தில் அந்த மெய்யைச் சுற்றி ஒரு வட்டம், குற்றியலுகரத்தின் கீழ் ஒரு சிறு பிறை. இரண்டாம் பயிற்சிக்குள் குழு பழகிவிடும். மூச்செடுக்கும் இடங்களையும் குறியுங்கள். நீண்ட சுரங்களில் ஒருவர்பின் ஒருவராக மூச்சு விட்டு எடுக்க, பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே இடத்தில் மூச்செடுக்காதபடி பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பயிற்சியில் சுரமே வேண்டாம். எல்லாரும் சேர்ந்து வசனத்தை எழுதிய தாளத்தில் பேசட்டும். 'இவைகளில்' என்பதன் க-வை எவ்வளவு மென்மையாகச் சொல்வது, 'விசுவாசம்' என்பதன் சு எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெற்கத்திக்காரரும் சென்னைக்காரரும் அங்கேயே உடன்படட்டும். பிறகு ஒரு ட்யூனிங் ஃபோர்க்கில் சுருதி எடுத்து, கீபோர்டைத் திறக்காமல் பாடுங்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மீண்டும் ஃபோர்க்கைத் தட்டி எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று பாருங்கள். இறங்கிய இடத்தைத் தாளில் குறித்து, அடுத்த வாரத்துக்குள் அந்த இடத்தின் குரல்நடையை மாற்றி எழுதுங்கள். குழுவைக் கடிந்துகொள்வதைவிட இது பலன் தரும்.

கடைசி இரண்டு பயிற்சிகளாவது ஆலயத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். ஓட்டுக்கூரையும் திறந்த சன்னல்களும் உள்ள ஆலயத்தில் எதிரொலி குறைவு, ஆகவே சுரங்களை முழு அளவுக்கும் பிடிக்க வேண்டும், மௌனங்களைச் சற்றுக் குறைக்கலாம். உயர்ந்த கல் வளைவுகள் உள்ள ஆலயத்தில் வேகத்தைக் குறைத்து, 'அன்பே' என்பதற்கு முந்திய மௌனத்தைக் கூட்ட வேண்டும், முந்திய ஒலி அடங்காமல் அடுத்தது தொடங்கக் கூடாது. மின்விசிறிகளை மறந்துவிடாதீர்கள். நாற்பது விசிறிகள் சுழலும் ஆலயத்தில் கடைசி இரண்டு தட்டின் மெல்லிய மூன்றாம் சுரம் யாருக்கும் கேட்காது. கீதம் தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பே விசிறிகளை அணைத்துவிடும்படி, ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் கோயில்குட்டியாரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

அந்தக் கடைசி மீயை மட்டும் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். ஆல்டோ டோவில் நிற்க, ட்ரெபிள் கீபோர்டின் மீயிலிருந்து மயிரிழை தாழ்த்தி வந்து, இரண்டு குரல்களுக்கும் இடையே இருந்த நடுக்கம் சட்டென்று நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். சொல்லிக் கொடுக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். நடுக்கம் நின்ற அந்தக் கணத்தில், யாரும் பாடாத ஒரு தாழ்ந்த டோ தரையிலிருந்து எழுவதுபோல் மெல்லக் கேட்கும். அதை ஒருமுறை கேட்டுவிட்ட குழு, பிறகு ஆராதனையில் அதைத் தானாகவே தேடிப் போகும்.